பேசிக்கொண்டிருக்கும்போதே பறிபோன நிலம்

பாலஸ்தீனம் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று விதமான பதில்கள் வரும். "அவங்க ஆயிரக்கணக்கான வருஷமா அடிச்சுக்கிறாங்க, அது தீராது" என்பது முதலாவது. "ரெண்டு பக்கமும் பிடிவாதம்" என்பது இரண்டாவது. "எத்தனையோ தடவை சமாதானம் பேசினாங்க, பாலஸ்தீனர்கள்தான் வேண்டாம்னுட்டாங்க" என்பது மூன்றாவது. கல்லூரி விடுதி, டீக்கடை, தொலைக்காட்சி விவாதம் என எங்கே போனாலும் பேச்சு இந்த மூன்றுக்குள்தான் சுற்றுகிறது. மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு கேள்வியை நம் கண்ணில் படாமல் மறைக்கின்றன. பேச்சுவார்த்தை நடந்த அந்த வருடங்களில் நிலத்தில் என்ன நடந்தது?

முதல் பதிலை முதலில் முடித்துவிடுவோம். இது புராண காலத்துச் சண்டை இல்லை. ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. 1917இல் பிரிட்டன், தனக்குச் சொந்தமில்லாத ஒரு மண்ணில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவதாக பால்ஃபர் அறிக்கையில் எழுதிக் கொடுத்தது. அந்த மண்ணில் அப்போது வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அரபு மக்கள். ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடப்பட்டு, நாஜிகளால் 60 லட்சம் பேரைப் பலிகொடுத்த யூத மக்களுக்கு ஒரு பாதுகாப்பான இடம் தேவைப்பட்டது உண்மை. அதற்கான விலையைக் குற்றம் செய்த ஐரோப்பா கொடுக்கவில்லை, பாலஸ்தீனர்கள் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. 1948இல் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு இழந்தார்கள். 1967 போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா மூன்றையும் இஸ்ரேல் பிடித்தது. மனிதர்கள் எடுத்த முடிவுகளால் வந்த நிலைமை இது. மனிதர்கள் எடுக்கும் முடிவுகளால் மாறவும் முடியும். "தீராது" என்று சொல்பவர், தீர்க்க வேண்டிய பொறுப்பிலிருந்து எல்லோரையும் விடுவித்துவிடுகிறார்.

ஒரு தட்டு ஏற்கெனவே தாழ்ந்த தராசு

ஆஸ்லோ ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவோம். 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் யாசர் அராஃபத்தும் இட்சாக் ராபினும் கைகுலுக்கிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நான்கு நாள் முன்பு இருவரும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இஸ்ரேல் என்ற நாடு அமைதியாகவும் பாதுகாப்பாகவும் இருக்க உரிமை உண்டு என்று அராஃபத் எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு ராபின் என்ன கொடுத்தார்? பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாகப் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை ஏற்கிறோம் என்று. பாலஸ்தீனம் என்ற நாட்டுக்கு உரிமை உண்டு என்று அவர் எழுதவில்லை. ஒரு பக்கம் நாட்டை ஏற்றது. மறுபக்கம் பேச ஆள் யார் என்பதை மட்டும் ஏற்றது. தான் மனதில் வைத்திருப்பது ஒரு நாட்டைவிடக் குறைவான அமைப்புதான் என்று ராபினே 1995 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் சொன்னார். அவ்வளவு தூரம் வந்ததற்கே அடுத்த மாதம் ஒரு யூதத் தீவிரவாதி அவரைச் சுட்டுக் கொன்றான்.

ஆஸ்லோவின் இரண்டாவது கோளாறு, கடினமான எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது. ஜெருசலேம் யாருக்கு? அகதிகள் என்ன ஆவார்கள்? எல்லை எங்கே? குடியேற்றங்கள் என்ன ஆகும்? சண்டையே இந்தக் கேள்விகளைப் பற்றியதுதான். அத்தனையும் "இறுதிநிலைப் பேச்சு" என்ற தலைப்பில் ஒதுக்கப்பட்டன. ஐந்து ஆண்டு இடைக்காலம், 1999 மே மாதத்தில் முடியும் என்று கணக்கு. அந்த இடைக்காலம் இன்றுவரை முடியவில்லை.

தள்ளிவைப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. இரு தரப்பும் சமமாகக் காத்திருந்தால் தாமதம் இருவருக்கும் சமம். ஒருவர் கையில் நிலம், ராணுவம், சோதனைச்சாவடி, கட்டட அனுமதி, தண்ணீர், வரிப்பணம் எல்லாம் இருந்து, மற்றவர் கையில் ஒப்பந்தத் தாள் மட்டும் இருந்தால், தாமதம் ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு நட்டம்.

1995இல் வந்த இரண்டாவது ஆஸ்லோ ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்றாக வெட்டியது. நகரங்கள் அடங்கிய ஏ பகுதி சுமார் 18 சதவீதம். அங்கே பாலஸ்தீன நிர்வாகம். பி பகுதி சுமார் 22 சதவீதம். அங்கே பொது நிர்வாகம் பாலஸ்தீனர்களுக்கு, பாதுகாப்பு இஸ்ரேலுக்கு. மிச்சமுள்ள 60 சதவீதம் சி பகுதி. முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாடு. விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் பெரும்பாலும் அங்கேதான். குடியேற்றங்கள் இருப்பதும் அங்கேதான். சி பகுதி மட்டுமே தொடர்ச்சியான நிலம். ஏ, பி பகுதிகள் அதற்குள் 160க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. சி பகுதியைப் படிப்படியாகப் பாலஸ்தீனர்களிடம் ஒப்படைப்பதாகச் சொன்னது ஒப்பந்தம். நடக்கவில்லை. இன்று அங்கே ஒரு பாலஸ்தீனக் குடும்பம் தன் சொந்த நிலத்தில் கூடுதலாக ஓர் அறை கட்ட வேண்டுமென்றாலும் ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைப்பது அரிது. அனுமதியில்லாமல் கட்டினால் புல்டோசர் வரும்.

குடியேற்றம் கட்டுவதை நிறுத்து என்று ஆஸ்லோவில் வெளிப்படையான ஒரு வரிகூட இல்லை. விளைவை எண்ணிக்கையில் பாருங்கள். 1993இல் கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல் மேற்குக் கரையில் இஸ்ரேலியக் குடியேற்றக்காரர்கள் சுமார் 1.1 லட்சம் பேர். 2000இல், அதாவது சமாதானத்தின் பொற்காலம் என்று சொல்லப்பட்ட ஏழு ஆண்டுகள் கழித்து, சுமார் 1.9 லட்சம். இன்று சுமார் 5 லட்சம். கிழக்கு ஜெருசலேமில் இருப்பவர்கள் 2 லட்சத்துக்கும் மேல், அது தனி. பங்குபோடப் பேசிக்கொண்டிருக்கும் நிலத்தில் ஒருவர் மட்டும் வீடு கட்டிக்கொண்டே போனார். அதன்பிறகு அந்த வீடுகளையே காரணம் காட்டி, "கள நிலவரம் மாறிவிட்டதே" என்றார்.

இது தெரியாமல் நடந்ததா? 1967 போர் முடிந்த சில மாதங்களிலேயே இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன், பிடித்த நிலத்தில் சொந்தக் குடிமக்களைக் குடியேற்றுவது நான்காம் ஜெனீவா உடன்படிக்கைக்கு எதிரானது என்று தன் அரசுக்கே ரகசியக் குறிப்பு எழுதினார். நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர் அவர்; பிற்காலத்தில் சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தின் தலைவராகவும் இருந்தார். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் அரசு குடியேற்றியது. 2016இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2334ஆவது தீர்மானமும், 2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம் சொன்ன கருத்தும் அதையேதான் உறுதிசெய்தன. நீதிமன்றம் ஒரு படி மேலே போய், 1967இல் பிடித்த பகுதிகளில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்றது.

ஒரே மலைச்சரிவில் அருகருகே வாழும் இருவருக்கு இரண்டு சட்டம். குடியேற்றக்காரர் குற்றம் செய்தால் இஸ்ரேலின் சிவில் நீதிமன்றம். பக்கத்து ஊர்ப் பாலஸ்தீனப் பையன் கல் எறிந்தால் ராணுவ நீதிமன்றம். இந்த இருவரும் சமமான இரு தரப்பு என்று வைத்துக்கொண்டு பேச உட்காரவைத்தால், அந்த மேசைதான் முதல் தடை.

"தாராளமாகக் கொடுத்தோம், மறுத்துவிட்டார்கள்"

இப்போது மூன்றாவது பதில். 2000 ஜூலையில் கேம்ப் டேவிட்டில் இஸ்ரேல் பிரதமர் எகூத் பராக் எல்லாவற்றையும் அள்ளிக்கொடுத்தார், அராஃபத் எழுந்து போய்விட்டார் என்பது கதை. இதை நேர்மையாகப் பார்ப்போம்.

அதற்கு முன்பு எந்த இஸ்ரேல் பிரதமரும் போகாத தூரம் பராக் போனார். அதை மறுக்க வேண்டியதில்லை. அராஃபத் தன் பங்குக்கு ஒரு முழுமையான மாற்றுத் திட்டத்தை மேசையில் வைக்கவில்லை. அதுவும் அவர் தலைமையின் பெரிய தோல்விதான். ஆனால் அந்த "தாராளம்" பெரும்பாலும் வாய்மொழியாக, அமெரிக்கர்கள் வழியாக வந்தது. மேற்குக் கரையின் ஒரு பகுதியை இஸ்ரேலோடு சேர்ப்பது, ஜோர்டான் பள்ளத்தாக்கில் நீண்ட காலம் ராணுவம் இருப்பது, ஜெருசலேமின் புனிதத் தலத்தில் முழு இறையாண்மை தராதது எல்லாம் அதில் இருந்தன. பாலஸ்தீனர்களின் கணக்கு வேறு. வரலாற்றுப் பாலஸ்தீனத்தின் 78 சதவீதத்தை இஸ்ரேலுக்கு என்று 1988லேயே விட்டுக்கொடுத்து, மிச்சம் 22 சதவீதத்தில் நாடு கேட்டவர்கள் அவர்கள். அந்த 22இலும் எவ்வளவு விடுவாய் என்று கேட்பதைத்தான் உலகம் தாராளம் என்றது.

கதை கேம்ப் டேவிட்டோடு முடியவும் இல்லை. 2001 ஜனவரியில் எகிப்தின் டாபாவில் இரு தரப்பும் மறுபடி உட்கார்ந்தார்கள். உடன்பாட்டுக்கு இவ்வளவு நெருக்கமாக முன்பு எப்போதும் வந்ததில்லை என்று கூட்டறிக்கை விட்டார்கள். பிறகு பிப்ரவரித் தேர்தலில் ஏரியல் ஷரோன் வென்றார், டாபா மூடப்பட்டது. 2002 மார்ச்சில் பெய்ரூட்டில் அரபு நாடுகள் ஒன்றுகூடி, 1967 எல்லைக்குத் திரும்பினால், அகதிகளுக்கு நியாயமான தீர்வு கண்டால், எங்கள் அத்தனை நாடுகளும் உங்களோடு இயல்பான உறவு வைத்துக்கொள்ளும் என்றன. இஸ்ரேல் அதை ஏற்கவே இல்லை. 2008இல் எகூத் ஓல்மெர்ட் ஒரு வரைபடத்தை மஹ்மூத் அப்பாஸிடம் காட்டினார். கையோடு எடுத்துப்போகக் கொடுக்கவில்லை. அப்போது ஓல்மெர்ட் ஊழல் விசாரணையால் பதவி விலகலை அறிவித்துவிட்ட பிரதமர். அப்பாஸ் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தாலும் நிறைவேற்ற எதிரே ஆள் இல்லை.

ஆக, வாய்ப்புகளை இரு பக்கமும் தவறவிட்டன. தவறவிட்டதற்கான தண்டனை மட்டும் ஒரு பக்கத்துக்குத்தான். ஒவ்வொரு முறையும் பேச்சு முறிந்த மறுநாள் பாலஸ்தீனர்களிடம் முன்பைவிடக் குறைந்த நிலமே மிஞ்சியது.

கொலையாளி கையில் போன வீட்டோ

அடுத்தது வன்முறை. இதில் நம்மில் பலர் தயங்குவதைப் பார்க்கிறேன். தயங்க வேண்டியதில்லை.

1994 பிப்ரவரி 25. ஹெப்ரான் இப்ராஹிமி மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேற்றக்காரர் சுட்டுக் கொன்றார். அந்த ஏப்ரலில் ஹமாஸ் இஸ்ரேலிய நகரங்களில் பேருந்துகளைக் குறிவைத்துத் தற்கொலைத் தாக்குதல்களைத் தொடங்கியது. 1995 நவம்பரில் ராபின் கொலை. 1996 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அடுத்தடுத்த குண்டுவெடிப்புகளில் சுமார் 60 இஸ்ரேலியர்கள் இறந்தார்கள். மே மாதத் தேர்தலில், ஆஸ்லோவை எதிர்த்த பெஞ்சமின் நெதன்யாகு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் பிரதமரானார். 2002இல் அரபு நாடுகளின் சமாதான மாநாடு தொடங்கிய அதே மார்ச் 27 அன்று நெதான்யா நகர ஓட்டலில் பாஸ்கா விருந்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் மத்தியில் ஹமாஸ் குண்டு வெடித்தது; 30 பேர் இறந்தார்கள். அரபு நாடுகளின் முன்மொழிவு அந்தப் புகையில் காணாமல் போனது.

ஹமாஸும் இஸ்ரேலின் குடியேற்றவாத வலதுசாரிகளும் பரம எதிரிகள். ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே தேவை இருந்தது: பேச்சு தோற்க வேண்டும். இரு தரப்பிலும் பெரும்பான்மை மக்கள் சமாதானத்தை விரும்பிய காலத்திலேயே, ஒரு துப்பாக்கியும் ஒரு வெடிகுண்டும் போதுமானதாக இருந்தது. காரணம், பேச்சு என்பது "முதலில் அமைதி, பிறகு உரிமை" என்று கட்டப்பட்டிருந்தது. குண்டு வெடித்தால் பேச்சு நிற்கும். குடியேற்றம் கட்டினால் மட்டும் நிற்காது. கொலையாளிக்கு வீட்டோ கொடுத்துவிட்டு, பறிகொடுத்தவனுக்குக் கொடுக்காமல் விட்ட ஏற்பாடு அது.

யாரோடு பேசுவது?

"பேச எங்களுக்கு எதிர்த்தரப்பில் ஆளே இல்லை" என்று இஸ்ரேல் அரசுகள் அடிக்கடி சொல்கின்றன. ஆள் இல்லாமல் போனது எப்படி என்று பார்க்க வேண்டும்.

2005இல் ஷரோன் காஸாவிலிருந்து சுமார் 8,000 குடியேற்றக்காரர்களை வெளியேற்றினார். பேச்சுவார்த்தையில் அப்பாஸிடம் ஒப்படைத்துச் செய்திருந்தால், பேசினால் நிலம் கிடைக்கும் என்று அப்பாஸ் தன் மக்களிடம் காட்டியிருக்கலாம். ஷரோன் ஒருதலையாகச் செய்தார். அரசியல் பேச்சை உறையவைப்பதற்குத்தான் இந்த வெளியேற்றம் என்று அவருடைய ஆலோசகர் டோவ் வைஸ்கிளாஸ் 2004லேயே பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் ஆயுதம்தான் விரட்டியது என்று ஹமாஸ் பெயர் வாங்கிக்கொண்டது. 2006 ஜனவரித் தேர்தலில் 132 இடங்களில் 74ஐ வென்றது. 2007இல் ஹமாஸும் ஃபத்தாவும் மோதி, காஸா ஒருவர் கையிலும் மேற்குக் கரை இன்னொருவர் கையிலும் போனது. இஸ்ரேலும் எகிப்தும் காஸாவை முற்றுகையிட்டன. 2018க்குப் பிறகு கத்தார் பணம் பெட்டிகளில் காஸாவுக்குள் போக நெதன்யாகு அரசே அனுமதித்தது. பிளவு நீடித்தால் ஒன்றுபட்ட பாலஸ்தீனக் குரல் எழாது.

பாலஸ்தீனத் தலைமையையும் விட்டுவிட முடியாது. அப்பாஸ் 2005இல் நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அதற்குப் பிறகு அதிபர் தேர்தலே நடக்கவில்லை. 2021இல் அறிவித்த நாடாளுமன்றத் தேர்தலையும், கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் அனுமதி தரவில்லை என்று சொல்லி அவரே தள்ளிவைத்தார். இன்று முப்பது வயதாகும் ஒரு பாலஸ்தீனர் தன் வாழ்நாளில் ஒரு தேசியத் தேர்தலில்கூட வாக்களித்ததில்லை. அவர் பெயரால் கையெழுத்திட யாருக்கு அதிகாரம்? ராமல்லாவில் ஊழலும் காவல்துறை அடக்குமுறையும், காஸாவில் எதிர்ப்பவர்களைச் சித்திரவதை செய்த ஹமாஸ் ஆட்சி. மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத தலைமை, ஆக்கிரமிப்பாளருக்கும் வசதி, தலைவர்களுக்கும் வசதி. நட்டம் மக்களுக்கு மட்டும்தான்.

தாமதத்துக்கு விலை இருந்தபோது என்ன நடந்தது?

"குடியேற்றங்களை இனி அகற்றவே முடியாது, யதார்த்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பார்கள். இஸ்ரேல் அகற்றியிருக்கிறது. 1979இல் எகிப்தோடு சமாதானம் செய்தபோது சினாய் முழுவதையும் திருப்பிக் கொடுத்தது. 1982இல் யாமித் என்ற குடியேற்ற நகரத்தை இஸ்ரேல் ராணுவமே இடித்துத் தரைமட்டமாக்கியது. அப்போது பிரதமர் வலதுசாரித் தலைவர் மெனாகெம் பெகின், அகற்றும் வேலையை மேற்பார்த்த பாதுகாப்பு அமைச்சர் ஷரோன். 1973 போர், நிலத்தைப் பிடித்துவைத்திருப்பதற்கும் விலை உண்டு என்று காட்டியிருந்தது. அமெரிக்காவும் உண்மையிலேயே அழுத்தம் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் இன்றுவரை நிற்கிறது.

1991இல் குடியேற்றம் கட்டுவதைக் காரணம் காட்டி, இஸ்ரேல் கேட்ட 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை அதிபர் ஜார்ஜ் புஷ் நிறுத்திவைத்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பிரதமர் இட்சாக் ஷமீர் தோற்றார், ராபின் வந்தார், ஆஸ்லோ நடந்தது. அதற்கும் முன்னால், 1987 முதல் கடையடைப்பு, வேலைநிறுத்தம், வரிமறுப்பு என்று ஊர் ஊராகப் பாலஸ்தீன மக்கள் நடத்திய முதல் இன்டிஃபாதாதான் ஆக்கிரமிப்பை இஸ்ரேல் சமூகத்துக்கே சுமையாக்கியது.

இதிலிருந்து ஒரு பாடம்தான் கிடைக்கிறது. நல்லெண்ணம் பொங்கியதால் பேச்சு நகர்ந்ததில்லை. தள்ளிப்போட்டால் நட்டம் என்று வலியவர் உணர்ந்தபோது நகர்ந்தது. பிற்காலத்தில் அந்த நட்டம் கவனமாக நீக்கப்பட்டது. 2016இல் போட்ட உடன்பாட்டின்படி அமெரிக்கா ஆண்டுக்கு 380 கோடி டாலர் ராணுவ உதவி தருகிறது. ஐ.நா.வில் வீட்டோ தருகிறது. 2017இல் ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரித்தது; பேசித் தீர்க்க வேண்டிய பொருளை, பேச்சே இல்லாமல் ஒரு தரப்புக்கு எழுதிக்கொடுத்தது. வாதியின் வக்கீலே நடுவராகவும் உட்கார்ந்த வழக்கு இது. 2020இல் ஆபிரகாம் ஒப்பந்தங்கள் மூலம் அரபு நாடுகள் சிலவும் பாலஸ்தீனத்தை ஓரமாக வைத்துவிட்டு உறவு கொண்டாடின. 2002இல் சமாதானத்துக்குப் பரிசாக வைத்ததை, சமாதானம் இல்லாமலேயே கொடுத்துவிட்டார்கள்.

பாலஸ்தீனர்கள் இல்லாமலேயே மேற்காசியா அமைதியாகிவிடும் என்ற கனவு 2023 அக்டோபர் 7 அன்று ரத்தத்தில் முடிந்தது. அன்று ஹமாஸும் அதன் கூட்டாளிகளும் இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைக் கடத்திப் போனார்கள். அதற்கு இஸ்ரேல் கொடுத்த பதிலில், காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி, இரண்டு ஆண்டுகளில் 67,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் ஆயிரமாயிரம். 2025 ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் என்று ஐ.நா. ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. உணவு லாரிகள் எல்லையில் நிற்க, உள்ளே பஞ்சம். போர்க்குற்றங்களுக்கும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் நெதன்யாகுவுக்கும் ஹமாஸ் தளபதி ஒருவருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கைது ஆணை பிறப்பித்தது.

போர் நடக்கும்போதும் நிலம் விடப்படவில்லை. 2024 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் பாலஸ்தீன நாடு கூடாது என்று 68க்கு 9 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. 2025 மே மாதத்தில் 22 புதிய குடியேற்றங்களுக்கு அரசு அனுமதி தந்தது. ஆகஸ்டில், ஜெருசலேமுக்குக் கிழக்கே இ1 என்ற பகுதியில் சுமார் 3,400 வீடுகளுக்கு அனுமதி. மேற்குக் கரையை நடுவில் வெட்டி வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் இடம் அது. பாலஸ்தீன நாடு என்ற எண்ணத்தையே இது புதைக்கிறது என்று நிதியமைச்சர் பெசலெல் ஸ்மோட்ரிச் மகிழ்ச்சியோடு சொன்னார். அடுத்த மாதம் பிரிட்டன், பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் பாலஸ்தீனத்தை நாடாக அங்கீகரித்தன. நல்லது. ஆனால் அங்கீகாரத்தோடு ஆயுத விற்பனைக்கும் வர்த்தகத்துக்கும் முழுத் தடை வரவில்லை என்றால், இல்லாத வீட்டுக்குக் கதவு எண் கொடுத்த கதைதான்.

நம் அரசு எங்கே நிற்கிறது?

1947இல் பிரிவினைத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்த நாடு இந்தியா. 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்த, அரபு அல்லாத முதல் நாடு. 1988இல் பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்தது. அதே இந்தியா 2023 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. இன்று இஸ்ரேல் ஆயுதங்களின் முன்னணி வாடிக்கையாளர் நாம். நம் வரிப்பணம்.

இன்னொன்றும் நடந்தது. அக்டோபர் 7க்குப் பிறகு, இஸ்ரேலில் கூலி வேலை செய்துவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளர்களின் அனுமதியை இஸ்ரேல் நிறுத்தியது. அந்தக் காலி இடத்துக்கு ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் கட்டுமான வேலைக்கு ஆளெடுத்தார்கள். கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரில் வேலை இல்லாதவன் போர் நடக்கும் ஊருக்கும் போவான். பட்டினி போடப்பட்ட ஒரு தொழிலாளியின் இடத்தில் இன்னொரு ஏழைத் தொழிலாளியை நிறுத்த ஏற்பாடு செய்த அரசுகளைத்தான் கேட்க வேண்டும்.

நம் பக்கத்துக்கும் சில வார்த்தைகள்

தோழர்களே, நம் கூட்டங்களிலும் சமூக வலைதளப் பதிவுகளிலும் இரண்டு விஷயங்கள் எனக்கு உறுத்துகின்றன. அக்டோபர் 7ஐ வீரச்செயலாகக் கொண்டாடுவது ஒன்று. இஸ்ரேல் அரசைத் திட்ட வந்து யூதர்களைத் திட்டுவது, ஹிட்லர் படத்தைப் பகிர்வது இன்னொன்று. பிறப்பை வைத்து ஒரு மக்களை வெறுப்பது எந்த மொழியில் சொன்னாலும் வெறுப்புதான். அது பாலஸ்தீனருக்கு ஒரு பிடி மண்ணைக்கூட மீட்டுத் தராது. உலகமே எங்களை அழிக்கப் பார்க்கிறது என்று பயத்தை விற்று ஓட்டு வாங்கும் நெதன்யாகுவுக்குத்தான் அது கூலியில்லாமல் வேலை செய்கிறது.

விவியன் சில்வர் என்ற பெயரை நினைவில் வையுங்கள். பெண்கள் நடத்தும் சமாதான இயக்கம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். காஸாவிலிருந்து வரும் நோயாளிகளைத் தன் காரில் இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்கு அழைத்துப் போனவர். அக்டோபர் 7 அன்று பேரி கிராமத்தில் தன் வீட்டில் கொல்லப்பட்டார். வயது 74. அவுதா ஹதலீன் என்ற பெயரையும் நினைவில் வையுங்கள். ஹெப்ரான் மலைப்பகுதியில் உம் அல்-கைர் என்ற சிற்றூரின் ஆசிரியர். ஆஸ்கர் வாங்கிய 'நோ அதர் லேண்ட்' ஆவணப்படத்துக்கு உதவியவர். 2025 ஜூலையில் குடியேற்றக்காரர் சுட்டதில் தன் ஊரிலேயே இறந்தார். சேர்ந்து வாழலாம் என்று நம்பியவர்கள்தான் இரு பக்கமும் முதலில் சாகிறார்கள். நம் ஆதரவு இவர்களுக்குத்தான் இருக்க வேண்டும்.

ஒரே நாடா, இரண்டு நாடா என்று மாணவர் வட்டங்களில் இரவெல்லாம் விவாதம் நடக்கிறது. நடக்கட்டும். ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே இன்று சுமார் 70 லட்சம் யூதர்களும் ஏறக்குறைய அதே அளவு பாலஸ்தீனர்களும் வாழ்கிறார்கள். யாரும் எங்கேயும் போகப் போவதில்லை. எந்த வரைபடம் வந்தாலும் அந்த ஒன்றரைக் கோடிப் பேருக்கும் ஒரே மதிப்பு உண்டா என்பதுதான் அளவுகோல். அதை அந்த மக்கள் தீர்மானிக்கட்டும். நாம் கேட்க வேண்டியது வேறு.

குடியேற்றக் கட்டுமானம் நிற்காமல் நடக்கும் எந்தப் பேச்சையும் சமாதானப் பேச்சு என்று அழைக்காதீர்கள். இந்தியா இஸ்ரேலிடம் ஆயுதம் வாங்குவதையும் விற்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். சட்டவிரோத ஆக்கிரமிப்பு நீடிக்க எந்த நாடும் உதவக் கூடாது என்று சர்வதேச நீதிமன்றம் சொன்னதை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதி, நம் அரசின் பதில் என்ன என்று கேளுங்கள். பாலஸ்தீன மக்கள் தங்கள் தலைமையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலைக் கோருங்கள். எந்தப் பக்கத்துக் குழந்தை செத்தாலும் ஒரே குரலில் கண்டியுங்கள்.

இனி யாராவது "பேசித் தீர்த்துக்கலாமே" என்று சொன்னால் மறுக்காதீர்கள். "சரி, பேசட்டும். பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் செங்கல் வைக்கக் கூடாது, சம்மதமா?" என்று மட்டும் கேளுங்கள்.